ஒரு கோப்பைச் சோறு எவ்வளவு?

நேற்று ஸ்ரௌவ்வில்லில், மகளின் வீட்டில், அவள் கேக் செய்துகொண்டிருந்தாள். செய்முறையில் இரண்டு கோப்பை மா என்றிருந்தது. மாப் பைக்குள் கோப்பையை விட்டு ஒரே அள்ளாக அள்ளினாள். "பிள்ளை, நிறுத்துப் பார்க்கேல்லையே?" என்றேன். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ கேக்" என்று சிரித்தாள். அந்தக் கோப்பையைப் பார்த்ததும் நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள்.

உங்களுக்கு இன்சுலின் தொடங்கியபோது கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்: மத்தியானம் ஒரு கோப்பைச் சோறு, அதற்கேற்ற ஊசி. நான் அப்படியே அளந்துதான் போட்டேன். ஆனாலும் பின்னேரம் விரலில் குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி ஏறியே இருக்கும்.

"நீர் கோப்பையிலை அமத்திப் போடுறீரப்பா" என்பீர்கள்.

"கோப்பை எண்டா கோப்பைதானே. நீங்கள் பிளாசாவிலை எண்ணெயிலை பொரிச்ச ரோல்ஸ் சாப்பிட்டிட்டு வந்து என்னிலை பழியைப் போடுறியள்."

மோர்னிங்சைட் பிளாசாக் கடையில் நண்பர்களோடு தேத்தண்ணி குடித்துவிட்டு நீங்கள் திரும்பினால், உங்கள் ஜாக்கெட்டை மோந்து பார்ப்பேன். பொக்கற்றில் கடதாசி கிடந்தால், எண்ணெய் பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடிப்பேன். நீங்களோ நான் சோறு போடும்போது பக்கத்தில் நின்று என் கையையே பார்ப்பீர்கள். கலியாணமான காலத்தில்கூட நாங்கள் ஒருவரை ஒருவர் அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

சீனி குறையாததால் டொக்டர் ஊசியின் அளவைக் கூட்டினார். அதன்பின் ஒரு சனிக்கிழமை, மார்க்கம் நகரிலிருந்து தம்பி குடும்பம் சாப்பிட வந்தது. வழமையான சம்பாவை விட்டுவிட்டு பாசுமதி சமைத்தேன். உங்களுக்கு அதே கோப்பையில், அதே விளிம்புமட்டம்.

அவர்கள் போனபின் ஏதோ கேட்டேன். நீங்கள் சொன்ன பதில் கேள்விக்குப் பொருந்தவில்லை. சேட் வியர்வையில் நனைந்திருந்தது. கையைப் பிடித்தால் குளிர். சீனி இறங்கிவிட்டதென்று ஓடிப்போய் தோடம்பழச் சாறு கொண்டுவந்து பருக்கினேன். அவசரத்தில் பாதி உங்கள் நெஞ்சில் சிந்தியது. தெளிந்ததும் நீங்கள் கேட்ட முதல் வார்த்தை, "இண்டைக்குக் குறைச்சுப் போட்டனீரோ?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி வந்தீர்கள். அதையும் நம்பவில்லை. உடைக்காத சீனிப் பைக்கற்றை வைத்து, பைக்கற்றில் எழுதியிருந்த எடையோடு ஒத்துப் பார்த்தபின்தான் சோற்றை நிறுத்தீர்கள். குழைந்த சம்பா ஒரு கோப்பை இருநூறு கிராமைத் தாண்டியது. உதிரியான பாசுமதி ஒரு கோப்பை நூற்றைம்பதில் நின்றது. திரும்பவும் நிறுத்தீர்கள். பிறகு நானும் நிறுத்துப் பார்த்தேன்.

"அப்ப நீர் அமத்திப் போடேல்லை, அரிசிதான் வித்தியாசம்" என்றீர்கள்.

"நீங்களும் ரோல்ஸ் சாப்பிடேல்லையாக்கும்?"

நீங்கள் கோப்பையைக் கழுவப் போனீர்கள்.

அதற்குப் பிறகு சோறு கிராமில் வந்தது. டொக்டரும் ஊசியைச் சரிப்படுத்தினார். அப்படி ஒரு மயக்கம் திரும்ப வரவில்லை. கடைசியில் உங்களைக் கொண்டுபோனது இதயந்தான்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த பிளாசா நண்பரைத் தனியே பிடித்து, "இவர் அங்கை ரோல்ஸ்..." என்று தொடங்கினேன். "சீச்சீ, அண்ணை சீனி போடாத தேத்தண்ணி மட்டுந்தான் அக்கா" என்றார். நான் கேட்டு முடிக்கவில்லை. அதற்குள் என்ன அவசரம் அந்த மனிசனுக்கு?

இன்று என் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகளை அந்தப் பிளாசாவில் நிறுத்தச் சொன்னேன். ரோல்ஸ் விற்கும் பெண்ணிடம் உங்கள் படத்தைக் காட்டிக் கேட்கலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. அவள் உண்மையைச் சொல்லிவிட்டால், உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு வேறென்ன இருக்கிறது?