மேக வெட்டு

நண்பா,

இன்று காலை காஜா பெராங் தெருக் கடைவரிசையில், கோயில் கமிட்டிச் சண்டையில் என்னோடு பேச்சை விட்ட மனிதர் எதிரே வந்தார். என்னைக் கண்டதும் குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே உன் நினைவு வந்து கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாம் வேலை பார்த்த வக்கீல் ஆபீஸில், குப்பைக்குப் போகவிருந்த அந்தக் கரையான் அரித்த புத்தகத்தை நீதானே எடுத்து வந்தாய்? அப்போதே நூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன் மைனர்களின் கொச்சைப் பேச்சு அகராதி. குடித்திருப்பவன் 'போஸ்கி'. பிடிக்காதவனைத் தெருவில் தெரியாத மாதிரிக் கடந்து போவது 'கட்'. அதிலும் வகை வைத்திருந்தார்கள், படுபாவிகள்! மேகத்தை ரசித்தால் ஒரு வகை, குனிந்து சப்பாத்து நாடாவை ஆராய்ந்தால் இன்னொரு வகை. நமக்கு அவை மேக வெட்டு, நாடா வெட்டு. தலைமைக் குமாஸ்தாவைக் கண்டால், "டேய், பெரிய கிராணி வர்றாரு, மேகத்தப் பாரு!" என்பாய். மழையில்கூட முகம் நனைய அண்ணாந்து நிற்போம்.

பிடித்த சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். பாதி உன் கையெழுத்து, பாதி என்னுடையது. ஜப்பான்காரன் வந்ததும், எரித்துவிடு என்று கெஞ்சினேன். "போடா பயந்தாங்கொள்ளி, இத எவன் படிக்கப் போறான்?" என்றாய்.

படித்தார்கள். ராணுவப் போலீஸ் உன் வீட்டைச் சோதித்தபோது நோட்டு சிக்கியது. புரியாத ஆங்கிலச் சொற்கள். உளவாளிகளின் ரகசிய மொழி என்று முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்து அவர்களுக்கு வேண்டியது இரண்டாவது கையெழுத்துக்காரன்.

மூன்றாம் நாள் உன் கையைக் கட்டி இதே கடைவரிசை வழியே நடத்தி வந்தார்கள். நான் மரவள்ளிக்கிழங்குக்கு வரிசையில் நின்றிருந்தேன். மொழிபெயர்ப்பாளன் ஒவ்வொருவர் முன்னும் உன்னை நிறுத்தி, இவனைத் தெரியுமா என்று மலாயில் கேட்டான். என் முறை வந்தது. தெரியும் என்று சொல்ல வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். நீ குனிந்தாய். செருப்புகூட இல்லாத வீங்கிய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

நான் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தேன். "தெரியாது" என்றேன். சுற்றி நின்ற எல்லாருக்கும் நம்மைத் தெரியும். ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நீ திரும்பி வரவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் குனிந்தாய் என்று இத்தனை காலம் எனக்கே சொல்லி வருகிறேன். ஆனால் வலி தாங்காமல் தலை தொங்கியிருந்தால்? கேட்டுத் தெரிந்துகொள்ள உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அன்று சாயங்காலம் உன் அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அவன் ஒன்னப் பாத்தானா தம்பி? ஏதாச்சும் சொன்னானா?"

"நான் அந்தப் பக்கமே போகலம்மா."

நம்பினார். என் தலையில் கை வைத்து, "நல்ல வேள. பாத்திருந்தா நீ சும்மா நின்னிருக்க மாட்டய்யா" என்றார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம், நீ சிரித்துவிடுவாய். அந்தக் கைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?