இடது கை பிந்தும் இடம்

ஜனவரி 6

என் தாளக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் உங்கள் அக்கா, அதாவது என் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் 'சாப்பிட்டியா' என்று ஆரம்பித்துச் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் கடிதம் எழுதுவோம் என்று சொன்னது நீங்கள்தான். அதனால் எழுதுகிறேன். தாளில் கத்த முடியாது என்பது ஒரு வசதிதான்.

ஒரு நல்ல செய்தி. சின்னப் படம் ஒன்றுக்குப் பாட்டுப் போட இந்தக் கீபோர்டுப் பெட்டிக்காரியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டைரக்டர் தங்கமான மனிதர், ஆனால் ஒரு பிடிவாதம். "ட்ரம்ஸ் மட்டும் நிஜமா இருக்கணும்மா. மெஷின் தட்டுற மாதிரி கேட்டா நான் எழுந்து போயிடுவேன்" என்கிறார். நீங்கள் ஹோட்டலில் வாசிக்கப் போய்விட்டீர்கள், உங்கள் ட்ரம்ஸோ உள்ளறையில் போர்வை போர்த்தித் தூங்குகிறது. அது தூங்க ஆரம்பித்ததிலிருந்து கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்கிறார்! வேறு யாரையாவது கூப்பிட்டு வாசிக்க வைக்கலாம். ஆனால் உங்கள் ஸ்டூலில் இன்னொருவரை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே ட்ரம்ஸ் சத்தம் தரும் சாப்ட்வேர்தான் வாங்க வேண்டும். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, கம்ப்யூட்டரில் பாதியை விழுங்கிவிடும் பூதம். ஒவ்வொரு ட்ரம்மையும் மெதுவாக, பலமாக, ஓரத்தில், நடுவில் என்று விதவிதமாக அடித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டாவது கைக்கு அடக்கமானது. ரெடிமேட் சட்டை மாதிரி, போட்டவுடன் பளிச்சென்று இருக்கிறது. இரண்டுமே சோதித்துப் பார்க்க இலவசமாகக் கிடைக்கின்றன, கம்ப்யூட்டரில் இறக்கிக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். எது நிஜம்?

அங்கே குளிராமே. காதை மூடிக்கொண்டு போங்கள்.

உங்கள் பெட்டிக்காரி


ஜனவரி 15

அடி பெட்டிக்காரி,

ட்ரம்மரிடமே வந்து எந்த மெஷின் நல்ல மெஷின் என்று கேட்கிற நெஞ்சழுத்தம் உனக்குத்தான் வரும். இருந்தாலும் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா வீட்டு மாடி அறையில் ஹெட்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அக்கா மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை மேலேயே கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

முதலாவதை வாங்கு. இரண்டாவது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கல்யாண போட்டோவுக்கு நிற்கிற முகம். ஸ்னேர் ட்ரம்மைத் தொடர்ந்து வேகமாகத் தட்டிப் பார், எல்லா அடியும் ஒரே அடிதான். முதலாவதில் அப்படி இல்லை. ஒரே பலத்தில் தட்டினாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுகிறது. பெரிய ட்ரம்மை மிதித்தால் ஸ்னேரின் அடியில் கட்டிய கம்பி லேசாக அதிர்கிறதுகூடக் கேட்கிறது.

ஒரு எச்சரிக்கை. இரண்டிலும் 'ஹ்யூமன்' என்று பெயர் எழுதி ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் தொடாதே. திருகினால் அங்கங்கே கண்டபடி தப்புப் போடுகிறது. மனுஷன் கண்டபடி தப்புப் பண்ணமாட்டான். அவனவன் தப்பை மட்டும்தான் பண்ணுவான், அதையும் அதே இடத்தில்தான் பண்ணுவான்.

இன்னொரு விஷயம். ஹோட்டல்காரர்கள் கடல் தாண்டி ஒரு புதுக் கிளை திறக்கிறார்கள். எங்கள் குழுவை மூன்று வருஷத்துக்கு அங்கே அனுப்பப் பார்க்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்கா, "அவகிட்ட கேட்டியாடா?" என்கிறாள். இதோ கேட்டுவிட்டேன். நான் என்ன சொல்லட்டும்?

உன் குச்சிக்காரன்


பிப்ரவரி 12

என் தாளக்காரருக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்டதற்குச் சும்மா ஒரு வரியில் பதில் எழுத எனக்குப் பிடிக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் கண்ணீர் வருகிறது, அல்லது பழைய சண்டை வருகிறது. எனக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்லிவிடலாம் என்று பாட்டை முடித்து அனுப்பியிருக்கிறேன். அதுதான் என் பதில். கேளுங்கள்.

நீங்கள் சொன்ன பூதத்தைத்தான் வாங்கினேன். அந்தக் குமிழைத் தொடவே இல்லை. நாம் சேர்ந்து பதிவு செய்த பழைய பாட்டுகளை எல்லாம் எடுத்துப் போட்டுக் கேட்டேன். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது மூச்சை உள்ளே இழுத்துவிட்டு அடிப்பீர்கள், தெரியுமா? அங்கே உங்கள் இடது கை ஒரு மயிரிழை பிந்தும். எல்லாப் பாட்டிலும் பிந்துகிறது. கூடவே இருந்தபோது எனக்கு இது தெரியவே இல்லை. அந்த இடங்களில் ஒவ்வொரு அடியாகப் பிடித்துப் பின்னால் தள்ளி வைத்தேன். கண் வலிக்க வலிக்க அதே வேலை. கடைசியில் முழுசாக ஓடவிட்டபோது உள்ளறையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டேன். என் பைத்தியக்காரத்தனத்தைப் பாருங்கள்.

கேட்டுவிட்டு உடனே எழுதுங்கள். காத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பெட்டிக்காரி


பிப்ரவரி 27

அன்புள்ள உனக்கு,

பாட்டு பிரமாதம். பொய் சொல்லவில்லை. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று, "இது எப்போ வாசிச்சேடா?" என்றாள். நான் வாசிக்கவில்லை, மெஷின் என்றேன். அவள் நம்பவில்லை. "போடா, உன் கையை எனக்குத் தெரியாதா" என்றாள்.

மாடிக்குப் போய் அழுதேன்.

அந்த இடது கையோடு சின்ன வயதிலிருந்து மல்லுக்கட்டியிருக்கிறேன். சரியாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அதைக் கண்டுபிடித்து, அளந்து, எடுத்து வைத்துக்கொண்டுவிட்டாய். கெட்டிக்காரி. இனிமேல் உனக்கு வேண்டும்போது நான் வாசிப்பேன், சாப்பாடு கேட்கமாட்டேன், சண்டை போடமாட்டேன், கீழ்வீட்டுக்காரருக்கும் தொந்தரவு இல்லை. இதுதான் பதில் என்று நீயே எழுதியிருந்தாய். புரிந்துகொண்டேன்.

நான் இங்கே கிளம்பி வந்த அன்றும் நீ எதுவும் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். 'போகாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இந்தத் தடவையாவது சொல்வாய் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் கிளம்புகிறோம். ட்ரம்ஸை யாராவது கேட்டால் கொடுத்துவிடு, அறை விசாலமாகும். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
நான்


மார்ச் 4

என்னுடையவருக்கு,

நீங்கள் கிளம்புவதற்குள் இது கைக்குக் கிடைக்குமா தெரியவில்லை. கிடைக்காவிட்டால் பிரிக்காமல் அங்கே அனுப்பிவிடச் சொல்லி உறைமேல் அண்ணிக்கு ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு பெரிய முட்டாள் நான்! 'நீங்கள் இல்லாமல் எனக்கு வேலையே ஓடவில்லை, ஒவ்வொரு தட்டலிலும் உங்களைத்தான் தேடுகிறேன்' என்று அந்தப் பாட்டில் சொல்லிவிட்டதாக நினைத்தேன். கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள், வந்து, "என்னடி இது, எந்திரி, நான் வாசிக்கிறேன்" என்று என்னைத் தள்ளிவிட்டு உட்காருவீர்கள் என்று உள்ளறையைக் கூட்டித் துடைத்துக்கூட வைத்தேன். நீங்கள் கேட்டதெல்லாம் ஒரே ஒரு வார்த்தை. நான் ஒரு முழுப் பாட்டைச் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களைத் துரத்துவதற்கு இவ்வளவு பாடுபட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உங்கள் மேலும் கோபம் இருக்கிறது. கேட்டவுடன் அழுதீர்களே, அந்த அழுகையோடு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? சண்டைதானே வந்திருக்கும்?

டைரக்டருக்குப் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. மிச்சப் பாட்டுகளுக்கும் இதே ட்ரம்மர்தான் வேண்டும் என்கிறார். "இவர எங்க பிடிச்சீங்க? கைல உயிர் இருக்கே" என்றார். முடியாது, அவர் ஊரில் இல்லை என்று சொல்லி, படத்தையே வேண்டாமென்று விட்டுவிட்டேன். இன்னொரு பாட்டுக்கும் உங்கள் கையை என்னால் மெஷினில் செய்துவிட முடியும், அதுதான் பயம். இப்படியே செய்து செய்து ஒரு நாள் உங்களைத் தேடாமல் இருந்துவிடுவேன். ட்ரம்ஸை யாருக்கும் கொடுக்கமாட்டேன், அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

வந்துவிடுங்கள். என்னால் தனியாக இருக்க முடியவில்லை, வந்துவிடுங்கள். இனி நீங்கள் வர முடியாது என்று ஆன பிறகுதான் இதை எழுத எனக்குக் கை வருகிறது.

உங்கள்
மனைவி