ஆவணி வரைக்கும் உன் பாய்

இன்று காலை ஓட்டின் இடுக்கு வழியாக மழை இறங்கி உன் பாயை நனைத்துவிட்டது. வெயில் வந்ததும் முற்றத்துக் கொடியில் விரித்துப் போட்டேன். நனைந்த கோரை வாசனை அறையை விட்டு இன்னும் போகவில்லை. உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எங்கே அனுப்புவது என்று யோசிக்கவில்லை.

அரியலூர் ரயிலடிக்குப் பின்னால் இந்த ஒற்றை அறையை நாம் இருவரும் சேர்ந்துதான் பிடித்தோம். நான் நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை, நீ பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆளுக்குப் பாதி வாடகை, ஆளுக்குப் பாதித் தரை. ஜன்னல் பக்கம் உன்னுடையது. என் கால் அந்தப் பக்கம் நீண்டால், "என்னப்பா, எல்லை தாண்டி வர்றே? அதுக்குத் தனியா வாடகை போடட்டுமா?" என்பாய்.

ஒரு வருஷத்துக்கு என்று பேசிக் குடிபுகுந்தோம். அது முடியுமுன்பே, ஆடி பிறக்கிற சமயத்தில், உன்னைப் பெரம்பலூருக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கார அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்: "ரெண்டு ஆளுன்னு சொல்லித்தானே வுட்டேன்? ஒருத்தரு போயிட்டா இன்னொருத்தரு முழுசாக் குடுக்கணும். இல்லாட்டி வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க."

ஆடியில் எவன் பால் காய்ச்சிக் குடி வருவான்? நானும் வேறு அறை பார்த்துப் போக முடியாது. முழு வாடகையும் கொடுத்தால் ஊரில் அம்மாவுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. நான் திருதிருவென்று விழித்தேன். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவனான உனக்கு ஆடியாவது ஆவணியாவது! நீ சிரித்தாய்.

"இவன் ஆடிக்கு நான் ஜாமீன். என் பாய் இங்கயே கெடக்கட்டும்மா. அது கெடக்கிற வரைக்கும் நான் காலி பண்ணலைன்னு வச்சுக்குங்க. ஆவணி பொறந்ததும் என் பாதியைக் குடுத்துட்டு எடுத்துக்கறேன்."

அம்மாள் ஒப்புக்கொண்டார். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறும்போது நீ திரும்பி, "என் பாதியில படுத்துடாதே" என்றாய்.

ஆடி முடியுமுன் பெரம்பலூரில் வாந்திபேதி. எனக்குச் செய்தி வந்தபோது உன்னை அடக்கமே செய்துவிட்டார்கள். சொல்ல வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். மண்டிக்குப் போய் வேலை பார்த்தேன். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்து அதையும் விட்டுவிட்டேன்.

ஆவணியில் உன் தம்பி வந்தான். "ஆடி வாடகையில பாதி நம்ம பொறுப்புன்னு அண்ணன் சொல்லிட்டுப் போச்சுங்க" என்று அம்மாளிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, பாயை எடுக்கக் குனிந்தான்.

"அது கெடக்கட்டும் தம்பி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அம்மாள் என்னையே பார்த்தார். "அப்ப அவரு இன்னும் காலி பண்ணலையா?"

"இல்லீங்க."

அன்றிலிருந்து இரண்டு பாதியையும் நானே கொடுக்கிறேன். காலைப் பலகாரத்தை நிறுத்திவிட்டேன். அம்மாவுக்கு அனுப்புவதும் குறைந்துவிட்டது, அது உறுத்துகிறது. யாராவது இடம் கேட்டு வந்தால் வீட்டுக்கார அம்மாளே, "அங்க ரெண்டு பேரு இருக்காங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.

பாய் காய்ந்துவிட்டது. சுருட்டி ஜன்னல் பக்கமே வைத்துவிட்டேன். இப்போது முழு வாடகையும் கொடுப்பவன் நான்தான். ஆனாலும் உன் பாதிக்குள் இதுவரை கால் நீட்டியதில்லை.