கன்னி காட்டிய விடுதி

போடிநாயக்கனூர்,
மார்கழி மாதம்.

அன்பு மகள் கலையரசிக்கு அம்மா பொற்கொடி எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் அப்பா, தங்கச்சி மூவரும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்பதற்கு முன்னால், நீதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. உறை மேல் உன் பெயரை நான் எழுதவில்லை. 'சமையல் பார்க்கும் தமிழ் அக்காவுக்கு' என்று எழுதி அந்தமானில் ஒரு விடுதியின் விலாசத்தைப் போட்டிருக்கிறேன். வேறு யாராவது பிரித்துப் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். அங்கே ஒரு தடவை போன் போட்டும் பார்த்தேன். யாரோ ஆண்பிள்ளை இந்தியில் பேசினான், வைத்துவிட்டேன். அவன் உன்னைக் கூப்பிட்டு, நீ வந்து, 'யாரு?' என்று கேட்டிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ. அது உன் குரலாக இல்லாமல் போயிருந்தால் அதைவிட மோசம்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். சிவரஞ்சனிக்குத் தை மாதம் கல்யாணம். நீ போகும்போது தேனியில் ஆஸ்டலில் இருந்து படித்த சின்னப் பிள்ளை, இப்போது கோயம்புத்தூரில் வங்கியில் வேலை பார்க்கிறாள். என்னையே அதட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். மாப்பிள்ளை பெயர் விஜயகுமார், கம்பத்துப் பக்கம். தங்கமான பையன். கொஞ்சம் பயந்த சுபாவம், அதுவும் நல்லதுக்குத்தான். மறுவீடு முடிந்த கையோடு இரண்டு பேரும் அந்தமானில் நீல் தீவுக்குப் போகிறார்கள். அங்கே எங்கே தங்குவது என்பதில்தான் இத்தனை கதையும் ஆரம்பித்தது.

போன வாரம் ரஞ்சனி ஊருக்கு வந்திருந்தபோது, கட்டிலில் கிடந்துகொண்டு போனில் ஒவ்வொரு விடுதியாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மாப்பிள்ளைக்குப் பிடித்தது, ரூமுக்கு ரூம் ஒரு நீச்சல் குளம் கட்டி, கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர் வைத்த இடம். கடலுக்கே போய்விட்டு ரூமுக்குள் ஒரு குளம் எதற்கு என்று கேட்டேன். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கண்ணாடிச் சுவருக்குள் எப்படித் தூங்குவார்கள் என்றும் கேட்டேன். "நீ சும்மா இரும்மா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று தலையணையைத் தூக்கி என் மேல் போட்டாள். இன்னொன்று தென்னந்தோப்புக்குள் மரத்தால் கட்டிய சின்னச் சின்னக் குடில்கள். தங்கிப் போனவர்கள் எடுத்த படங்களும் அதில் இருந்தன. சாப்பாடு நம்ம ஊர்ச் சாப்பாடு, தமிழ் அக்கா ஒருவர் சமைக்கிறார் என்று யாரோ எழுதியிருந்தார்கள். ரஞ்சனி அதை அசிரத்தையாகத் தள்ளிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து, பின்னாடி தள்ளு என்றேன்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் தட்டில் மீனை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், ஒருத்தி ஒற்றைக் காலில் நிற்கிறாள். மற்றக் கால் பாதத்தை முழங்காலுக்குப் பக்கவாட்டில் ஊன்றி, நீ மலைமேல் ஏலத்தோட்டத்தில் எடைபோடும் இடத்தில் நிற்பாயே, அதே நிலை. முகம் பாதிதான் தெரிகிறது. ஏலக்காய் காயவைக்கும் அறையில் இரும்புக் குழாய் பட்டு உனக்குக் கையில் சூட்டுத் தழும்பு உண்டல்லவா, அதைப் பார்க்கலாம் என்றால் அந்தக் கை மறுபக்கம் திரும்பியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாகப் பிரிந்துவிடுகிறது. ரஞ்சனிக்கு அவள் யாரோ ஒரு சமையல்காரிதான். சேலை மட்டும் நன்றாகத் தெரிந்தது. முழங்கால் வரை நனைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது.

நனைந்த சேலைக்கு ஏன் இப்படிப் பயந்தேன் என்று உனக்குப் புரியாது. நீ இந்த வீட்டில் இப்போது என்னவாக இருக்கிறாய் என்பதே உனக்குத் தெரியாது. சொல்கிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள்.

தோட்டத்து ஜீப்பு ஓட்டிய பிரபுவோடு நீ ஓடிப்போன மறுநாள், உன் அப்பா எல்லா இடமும் தேடிவிட்டு வந்து ஓடையில் தலைமுழுகினார். ஈரத்தோடு வந்து, "நம்ம புள்ள செத்துப் போச்சு" என்றார். கோபத்தில் சொல்கிற பேச்சு என்று நினைத்தேன். ஆனால் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுப் போடிக்கு இறங்கி வந்ததும், கேட்டவர்களிடமெல்லாம் உனக்கு விஷக்காய்ச்சல் என்றார். மழையில் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டது, மேலேயே எரித்துவிட்டோம் என்றார். ரஞ்சனியிடமும் அதையேதான் சொன்னார். நீ எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று என்னைக் கேட்பாய். அதை நேரில் வந்து கேள், பதில் சொல்கிறேன். கடிதத்தில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

சொல்லச் சொல்ல அந்தக் கதை வளர்ந்துவிட்டது. போடிமெட்டுக்குக் கீழே மண் சரிந்த வளைவில் ஆம்புலன்ஸ் நின்றுபோனதாம், நீ தண்ணீர் கேட்டாயாம். இப்போது எனக்கே அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்த ஞாபகம் இருக்கிறது. உன் தலை என் மடியில் கனத்தது கூட ஞாபகம் இருக்கிறது. நடக்காத ஒன்று இப்படி உடம்பில் ஏறிக்கொள்ளுமா, ஆத்தா?

ரஞ்சனிக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், மூத்தவள் கல்யாணம் ஆகாமல் இறந்தவள் என்று கேள்விப்பட்டதும் ஒரு நிபந்தனை போட்டார்கள். கன்னியாகப் போன பிள்ளைக்குச் சேர வேண்டியதைச் செய்து கும்பிடாமல், இளையவள் கழுத்தில் தாலி ஏறக் கூடாதாம். கார்த்திகையில் நாள் பார்த்து, உன் போட்டோவுக்கு முன்னால் பாவாடை தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன், பூ, பணியாரம் எல்லாம் வைத்துக் கும்பிட்டோம். உயிரோடு இருக்கிற மகளுக்கு நானே விளக்கேற்றினேன். மாப்பிள்ளை தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். சிலமலையிலிருந்து வந்திருந்த உன் அத்தை கருப்பம்மாளுக்குத் திடீரென்று அருள் வந்துவிட்டது. தலையை விரித்துப்போட்டு, "நனஞ்ச துணியோட நிக்கிறேன், மாத்துத்துணி கொண்டா" என்று கேட்டாள். அவள் குரலே இல்லை அது.

எனக்குத்தானே தெரியும், நீ கன்னியுமில்லை, சாமியுமில்லை என்று. எல்லாம் வெறும் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் உன் அப்பா அவள் காலில் விழுந்தார். "ஆத்தா, அப்பன மன்னிச்சிரு. ஒன்ன வெரசா ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பொழைச்சிருப்ப" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். கலையரசி, அவர் நடிக்கவில்லை. கதை கட்டிய மனிதரே அந்தக் கதைக்குள் போய்விட்டார். அந்த நிமிஷம் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நீ ஓடிப்போனது நிஜமா, இல்லை பிள்ளை செத்த துக்கத்தில் நானாக ஒரு பிரபுவை நினைத்துக்கொண்டேனா? இத்தனை வருஷத்தில் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. யாரைப் போய்க் கேட்பேன்?

படத்தைப் பார்த்த பிறகு உன் அப்பாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், கலையரசி வாசலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று. "செத்தவ எப்பிடி வருவா? வந்தா அது அவளா இருக்காது. கதவத் தெறக்காத" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். படத்தைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

ஆனால் ரஞ்சனி அந்தத் தோப்பு விடுதியில்தான் தங்க வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன். நல்ல சாப்பாடு கிடைக்கும் என்றேன், காற்றோட்டம் என்றேன். எதுவும் எடுபடவில்லை. "மதினி, ஹனிமூனுக்கு நீங்களும் கூடப் போறீகளா?" என்று சம்பந்தியம்மா போனில் குத்தலாகக் கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கன்னி என் கனவில் வந்தாள், அந்த இடத்தைக் காட்டி, தங்கச்சி இங்கேதான் தங்க வேண்டும் என்று சொன்னாள் என்று வாய்கூசாமல் அடித்துவிட்டேன். அவள் குத்தல் அதோடு நின்றது. அப்புறம், "அப்பிடின்னா தட்டக் கூடாது மதினி" என்றாள். அன்றைக்கே மாப்பிள்ளை ரூம் போட்டுவிட்டார். உயிரோடு இருந்தபோது நீ சொன்ன எதையும் இந்த வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. செத்தவள் சொன்னதும் உடனே கேட்கிறார்கள். நானும் அதைத்தானே பிடித்துக்கொண்டேன்.

ஊர்ச் சேதி கொஞ்சம். இந்த வருஷம் பனி அதிகம். குரங்கணிப் பக்கம் மேகம் மத்தியானம் வரை விலகுவதில்லை. எனக்கு ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கும் சோலி, உட்கார்ந்து பார்ப்பதால் இடுப்பு வலி. போடிக்கு மறுபடி ரயில் விட்டுவிட்டார்கள். மெட்ராஸில் ராத்திரி ஏறினால் காலையில் இங்கே இறங்கிவிடலாம் என்கிறார்கள். பிரபுவைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் இருக்கிறார்களா? யார் ஜாடை?

நிஜத்தைச் சொல்கிறேன். அவர்கள் தங்குகிற நாட்களில் வெளியே வராதே, அடுப்படியிலேயே இருந்துகொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை விழுந்து கும்பிட்ட முகம் உன்னுடையது. நேரில் கண்டால் கடலுக்குள்ளேயே ஓடிவிடுவார். விஷயம் வெளியே வந்தால் சம்பந்தி வீட்டில் எங்களைக் கிழித்துவிடுவார்கள், புது வாழ்க்கை தொடங்குகிற பிள்ளை தலையில்தான் அது விடியும். இதையெல்லாம் யோசித்துவிட்டு, ஒளிந்துகொள் என்று எழுதப் போனேன். கை வரவில்லை. ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை மறுபடியும் சாகச் சொல்ல என்னால் முடியாது.

அதனால் ஒளியாதே. ரஞ்சனி சாப்பிட வந்து உட்காரும்போது நீயே போய்ப் பரிமாறு. அவள் உன்னைப் பார்த்து அலறினால், அவள் கையை எடுத்து உன் கைக்குள் வைத்துக்கொள். சூடு தெரிந்தால் நம்பிவிடுவாள். அதன் பிறகு வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவையும் பார்த்துக்கொள்கிறேன், உன் அப்பாவையும் பார்த்துக்கொள்கிறேன்.

இதைப் படிப்பது என் மகள் இல்லை, வேறு யார் பெற்ற பிள்ளையோ என்றால், தாயே, கோபித்துக்கொள்ளாதே. தை மாதம் அங்கே வரப்போகிற பெண்ணுக்கு அக்கா இல்லை. அவள் இலையில் ஒரு கை சோறு கூடுதலாக வை. அப்புறம் உன்னைப் பெற்றவளுக்கு ஒரு போன் போட்டு, இருக்கிறேன் என்று சொல்லிவிடு.

கலையரசி, கார்த்திகையிலிருந்து தினமும் உன் படத்துக்கு முன்னால் நின்று, எங்களைக் காப்பாற்று என்று கேட்டே பழகிவிட்டேன். இன்றைக்குக் கும்பிட மாட்டேன். நான் உன் அம்மா, ஆசீர்வாதம்தான் பண்ணுவேன்.

நூறு வயசுக்கு இரு, ஆத்தா.

இப்படிக்கு,
உன் அம்மா
பொற்கொடி