வீட்டுக்கு வைக்காத பங்கு

டீச்சர்,

ஹஜ்ஜுப் பெருநாளான இன்று உங்கள் மகள் குர்பான் இறைச்சி கொண்டுவந்தாள். சொப்பிங் பேக்கில் இருந்த பாத்திரத்தைத் திறந்ததும் எழுந்த வாடையில், சாய்ந்தமருதில் நாம் படிப்பித்த பாடசாலையின் ஆசிரியர் அறை ஞாபகம் வந்தது.

நீங்கள் ஆங்கிலம், நான் கணிதம். ஒரு சுற்றறிக்கையில் 'இம்பார்ட்' என்றிருந்தது. அறிவைக் கொடுப்பதற்கு ஏன் அந்தச் சொல் என்று கேட்டேன்.

"லத்தீன்ல இருந்து வந்த சொல்கா. உள்ளுக்க 'பார்ட்' இரிக்கி, பாருங்க. பங்கு. முதல்ல எதையும் பங்கு வைக்கிறதுக்குத்தான் அது. அறிவெல்லாம் மறுகா வந்தது. குர்பான் இறைச்சி மாதிரி எண்டு வைங்களன். ஏழைக்கு ஒண்டு, சொந்தத்துக்கு ஒண்டு, ஊட்டுக்கு ஒண்டு."

"இறைச்சி குடுத்தாக் குறையும். அறிவு குறையுமா?"

"கணக்கு டீச்சருக்குக் கழிக்கத்தானே தெரியும்!" என்று சிரித்தீர்கள். "ஊட்டுப் பங்கக் குடுக்காட்டிச் சரி."

ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்கு மறதி நோய் வந்தது. "உம்மாவோட கதைச்சிட்டு இரிங்க டீச்சர், அவவுக்கு நல்லம்" என்றாள் மகள். அஸர் தொழுகைக்குப் பிறகு தினமும் உங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு ஆங்கிலச் சொல்லின் பிறப்பைக் கேட்பேன். முகம் மலர்ந்து சொல்வீர்கள். கொப்பியில் எழுதிக்கொள்வேன். மருந்து கொடுப்பதாகத்தான் நினைத்தேன்.

இரண்டாம் வாரம்தான் கவனித்தேன். முதல் நாள் எனக்குச் சொன்ன சொல்லை மறுநாள் காட்டினால், முன்பின் அறியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பீர்கள். எனக்குச் சொல்லாத சொற்கள் மட்டும் உங்களிடம் அப்படியே இருந்தன. நோய்தான், தெரியும். ஆனாலும் என் கொப்பி நிறைய நிறைய, நீங்கள் காலியாவதாகப் பட்டது. கேட்பதை நிறுத்தினேன்.

"ஏன்கா ஒண்டும் கேக்கிறீங்க இல்ல?"

"இண்டைக்கு வேணா டீச்சர். ஊட்டுப் பங்கு இரிக்கட்டும்."

"வச்சு நான் என்னகா செய்ய? பழுதாகிரும்."

என் கையைப் பிடித்துக்கொண்டு, கேளாமலே மகளின் பெயரைச் சொன்னீர்கள். "அமானா. நம்பித் தந்த பொருள் எண்டு கருத்து. அவ பொறக்கக்குள்ள அவட வாப்பா கடலுக்குப் போய் நாலு நாளா வரல்ல. வரும் வரைக்கும் இவ எனக்கிட்ட அல்லாஹ் தந்த அமானிதம் எண்டு நான்தான் பேர் வச்சன்."

அவள் தேநீரோடு வந்தாள். நீங்கள் என் காதருகே குனிந்து கேட்டீர்கள்.

"இந்தப் புள்ள ஆரு?"

அந்தப் பெயரின் கதையை, நீங்கள் மௌத்தான பிறகும், இன்றுவரை அவளிடம் நான் சொன்னதில்லை. அமானிதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் கொடுத்தால் என்னிடமிருந்தும் போய்விடுமோ என்ற பயம். இன்று அவளே கேட்டாள்: "உம்மா கடைசியா என்னப் பத்தி ஏதும் சென்னாவா?"

சொன்னேன், ஒரு சொல் விடாமல். அழுதுவிட்டு, சிரித்துவிட்டு, கேற்றைத் திறந்து நடந்தாள். இறைச்சிப் பாத்திரத்தை மறந்துவிட்டாளே என்று பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன்.

ஒன்றும் வரவில்லை.

அவள் தெருமுனையில் திரும்பிய பிறகுதான் வந்தது. வந்ததுதான், டீச்சர். இருந்தும் இந்த மடலைத் தொடங்குமுன், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அமானா என்று பெரிதாக எழுதி வைத்தேன். அது என் வீட்டுப் பங்கு.