ஆர்கனுக்கு வைத்த தோல்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

ஆர்கன் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆலயத்திலிருந்து குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து, நாலு பேர் மூச்சுமுட்டத் தூக்கி ஹாலில் வைத்தார்கள். இடம் போதாமல் சோபாவை வராந்தாவுக்குத் தள்ளினேன். என் வீட்டுக்காரர் ஐசக் சோபா பின்னாலேயே போய் அங்கே உட்கார்ந்துகொண்டார். கோபமில்லையாம். காற்று வருகிறதாம்.

நானாக இழுத்துவிட்டுக்கொண்டதுதான். போன வார ஆலயக் கமிட்டியில் செயலர் எபனேசர், நாலு வருஷமாகப் பேனர்களுக்கு அடியில் கிடக்கும் இந்த எழுபதுகளின் மின்சார ஆர்கனைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டு, ஈஸ்டருக்குப் புதுக் கீபோர்டு வாங்கலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து, ஈஸ்டருக்குள் சரிசெய்து தருகிறேன் என்றேன். வாய் சொன்ன பிறகுதான் மூளைக்கே தெரிந்தது.

"சிஸ்டர், நீங்க ஷூ செக் பண்றவங்க. இது எலக்ட்ரானிக்ஸ்" என்றார் எபனேசர். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் தூக்கிவந்தேன். இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

ஈஸ்டர் ஏப்ரல் 20. பதினோரு வாரம் இருக்கிறது.

5 பிப்ரவரி

மூடியைத் திறந்தேன். உள்ளே கரப்பான், பல்லி முட்டை, கிறிஸ்துமஸ் ஜிகினா, யாரோ தொலைத்த கம்மல். மேலும் கீழுமாக இரண்டு வரிசை, மொத்தம் எண்பத்தெட்டு கட்டைகள். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, ஊமைக் கட்டைக்கும் கரகரக்கிற கட்டைக்கும் ஃபேக்டரிப் பழக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். முப்பத்தொன்று ஆயிற்று. ஹாலுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறது என்றார் ஐசக்.

இருபத்திரண்டு வருஷமாக ஷூ ஃபேக்டரியில் கடைசி மேசை என்னுடையது. வெட்டி, தைத்து, ஒட்டி முடித்த ஷூ என் கைக்கு வரும். குறை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்புவேன், சொல்ல ஒன்றுமில்லை என்றால் பாஸ், டப்பாவுக்குப் போகும். அதாவது பிறர் செய்ததில் குறை கண்டே சாப்பிடுகிறவள். நான் செய்தது என்று காட்ட ஒரு பொருள் உண்டா? யோசித்துப் பார்த்தேன், இல்லை. ஒன்றாவது வேண்டும்.

9 பிப்ரவரி

கட்டைகளைக் கழற்றி, அடியில் நம்பர் எழுதி, சோப்புத் தண்ணீரில் கழுவி மொட்டைமாடியில் காயவைத்தேன். மஞ்சள் பல் மாதிரி இருந்தவை வெளுத்துவிட்டன. நான்கு முறை மாடியேறிப் பார்த்துவிட்டு வந்தேன். வேலைக்காக அல்ல, அழகுக்காக.

16 பிப்ரவரி

இன்று என்னை நானே மெச்சிக்கொள்ளலாம்.

ஊமைக் கட்டைகளில் எட்டு, எல்லாம் எஃப் என்கிற ஒரே சுரம். மேலே, நடுவே, கீழே, எந்த இடத்தில் இருந்தாலும் அந்த எஃப் மட்டும் பேசாது. ஃபேக்டரியில் ஒரே குறை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் தைத்தவரைத் திட்டமாட்டோம், வெட்டுகிற அச்சைப் போய்ப் பார்ப்போம். அப்படியானால் இங்கேயும் எல்லா எஃபுக்கும் சேர்த்து அச்சு மாதிரி ஒன்று இருக்க வேண்டும். பின்பலகையைக் கழற்றினால், பன்னிரண்டு சுரத்துக்குப் பன்னிரண்டு சின்ன போர்டு வரிசையாக நிற்கின்றன. எஃபுக்கான ஆறாவதையும் பக்கத்து ஏழாவதையும் உருவி, இடம் மாற்றிச் செருகினேன். எஃபுக்கு உயிர் வந்தது, பக்கத்துச் சுரம் ஊமையானது. போர்டுதான் கெட்டிருக்கிறது.

எலக்ட்ரானிக்ஸாம்.

2 மார்ச், ஞாயிறு

போர்டைக் கண்டுபிடித்தேனே தவிர, சால்டரிங் அயர்ன் பிடித்து ஈயம் பற்றவைக்க எனக்குத் தெரியாது. ஃபேக்டரியில் பக்கத்து மேசை கௌசரிடம் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் சத்தார் பாய் கடைத்தெருவில் டிவி, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிறவர். இன்று அவருக்கு முதல் நோன்பு, ஆனாலும் மத்தியானம் வந்து மூன்று மணிநேரம் குனிந்த தலை நிமிரவில்லை. காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றினார். ஓங்கென்ற இரைச்சல் நின்றது. எஃப் பேசியது.

"போர்டு எதுன்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "பாதி வேலை நீங்களே முடிச்சிட்டீங்க, அக்கா" என்றார். இந்த வரிக்குக் கீழே கோடு போட்டு வைக்கிறேன்.

8 மார்ச், சனி

ஃபேக்டரியில் மகளிர் தினத்துக்கு ஆளுக்கொரு துண்டு கேக். எனக்கு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து விரதம், கௌசருக்கு நோன்பு, அதனால் எங்கள் இருவர் பங்கும் வேறு யாருக்கோ போயின.

வீட்டில் பெரிய வேலை. கட்டைக்கு அடியில் மெத்தென்று இருக்கவேண்டிய கம்பளிப் பட்டையைப் பூச்சி அரித்துவிட்டது, அதனால் டக் டக் என்று பலகையில் இடிக்கிறது. ஆம்பூர்க்காரிக்குத் தோலைத் தவிர வேறென்ன தோன்றும்? லைனிங்குக்குப் போடும் ஆட்டுத்தோல் வெட்டுத்துண்டுகள் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்தேன். விரலால் தடவியே ஒரே கனத்தில் பொறுக்கி, நனைத்து இழுத்து, சுருக்கமில்லாமல் ஒட்டினேன். இப்போது கட்டை விழுகிற சத்தமே இல்லை. ஆர்கனைச் செய்த கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தால் கற்றுக்கொண்டு போவார்கள்.

23 மார்ச், ஞாயிறு

கடைசி ஸ்டிக்கரையும் உரித்தாயிற்று. சாயங்காலம் ஹெலன் டீச்சர் வந்து வாசித்தார். ஆலயத்தில் இருபது வருஷம் இந்த ஆர்கனை வாசித்தவர். முதல் பாட்டு முடிந்ததும் கட்டைகளைப் பார்த்து, முன்னைவிட மெத்தென்று இருக்கிறதே என்றார். தோல் என்றேன். எபனேசரும் வந்திருந்தார். கேட்டார், தலையாட்டினார், ஈஸ்டருக்கு இதுவே என்றார். எங்கள் வீட்டுக் கேட்டில் நாலு பேர் நின்று கேட்டார்கள். ஐசக் சோபாவை விட்டு எழுந்து வந்து அவர்களிடம், "எங்க வீட்டம்மாதான் பண்ணாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

12 ஏப்ரல், சனி

ஒரு கட்டை கரகரக்கிறது. தூசி என்று நினைத்துத் திறந்தேன்.

களிம்பு.

கட்டை அழுந்தும்போது தொடுகிற பித்தளைத் தகடுகள், தோலை ஒட்டியே வரிசையாக இருக்கின்றன. தோல் பக்கத்து ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. எல்லாத்துலயும். நனைச்சு வேற ஒட்டினேனே — தோலில் இருக்கிற உப்பும் அமிலமும் ஈரத்தோடு இறங்கியிருக்கு. எனக்குத் தெரியாதா இது? ஷூவுல லேஸ் கோக்கிற பித்தளை ஐலெட் பச்சை பூத்ததுக்கு ஒரு லாட்டையே திருப்பினவ நான். தோலோட பித்தளை ஒட்டினா என்ன ஆகும்னு ஊருக்கெல்லாம் சொல்றவ. என் கையாலயே ஒட்டிட்டு, கம்பெனிக்காரன் வந்து கத்துக்கணுமாம். அறிவு எங்கடி போச்சு உனக்கு?

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

துடைத்தால் சுரம் சுத்தமாக வருகிறது. அதுதான் தொல்லையே. இன்றைக்குத் துடைத்து மூடினால் ஈஸ்டரில் ஜம்மென்று வாசிக்கும், ஒருவருக்கும் தெரியாது. மழைக்காலத்துக்குள் தகடு அரித்துப்போகும். அப்போது பழசு, போய்விட்டது என்று எல்லாருமே சொல்லிவிடுவார்கள். என் பெயர் கெடாது.

மத்தியானம் கௌசருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "இது ஷூவா இருந்தா இன்னா பண்ணுவ?" என்றாள்.

சிவப்பு அம்பு ஒட்டித் திருப்புவேன். அவளுக்குத் தெரியும்.

14 ஏப்ரல், திங்கள்

எபனேசர் வீட்டுக்குப் போனேன். சித்திரை முதல் நாள் லீவு என்பதால் வீட்டில்தான் இருந்தார். ஈஸ்டருக்கு ஆகாது என்றேன்.

"போன மாசம் நல்லாதானே வாசிச்சுது. இன்னா குறை?"

"இப்பவும் வாசிக்கும். ஆடி தாண்டாது. நான் வெச்ச தோலாலதான். தப்பு என்னுது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. கீபோர்டுக்குச் சொல்லிவிடுகிறேன், ஆர்கனை நீங்களே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். தெருமுனை வரை நேராக நடந்து, அதற்கப்புறம் அழுதேன்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

கீபோர்டு வாசித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

26 ஏப்ரல்

ஒரு வாரம் ஆர்கனைப் போர்வையால் மூடி வைத்திருந்தேன். இன்று ஐசக் வேலூரில் ஆஸ்பத்திரி ஆபீஸ் வேலை முடிந்து நேரே வராமல் ஆற்காடு வரை போயிருக்கிறார். அங்கே ஆர்மோனியம் ரிப்பேர் செய்யும் பிரேம்நாத் என்பவரிடம் கம்பளிப் பட்டை வாங்கிவந்திருக்கிறார், அந்த ஊர் இனிப்பு மக்கன் பேடா ஒரு பெட்டியோடு. நான் கேட்கவே இல்லை. "சோபா உள்ள வரணும்னா இது முடிஞ்சாகணுமே" என்றார். இந்த மனுஷனை என்ன சொல்ல.

11 மே

எதையும் இனி நம்பி ஒட்டமாட்டேன். கம்பளித் துண்டோடு ஒரு பித்தளைத் தகட்டைச் சேர்த்துக் கட்டி, ஈரத்துணி போட்ட டப்பாவில் பதினைந்து நாளாக மூடி வைத்திருந்தேன். ஃபேக்டரியில் இப்படித்தான் செய்வோம். மார்ச்சிலேயே செய்திருக்க வேண்டும். இன்று திறந்தேன். பளிச்சென்று இருக்கிறது.

25 மே

நான் ஒட்டிய தோல் முழுவதையும் நானே சுரண்டி எடுத்தேன். எண்பத்தெட்டு தகடுகளையும் துடைத்து, கம்பளியைக் காய்ந்தபடியே ஒட்டி, கட்டைகளை மாட்டிவிட்டேன். சத்தார் பாய் வந்து ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒன்றுகூட விடவில்லை. முடித்துவிட்டுச் சிரித்தார். ஈஸ்டருக்கு முன்னால் இருந்ததைவிட இதுதான் என் வேலை. அப்போது சாமர்த்தியம் காட்டினேன், இப்போது சரியாகச் செய்திருக்கிறேன். பெருமையாக இருக்கிறது, மறைக்கவில்லை.

31 மே, சனி

எபனேசர் வந்தார். வராந்தா சோபாவிலேயே உட்கார்ந்து காபி குடித்தார். வெயில், தண்ணீர், வரப்போகும் பெந்தெகொஸ்தே பண்டிகை ஆராதனை என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, "ஆர்கன் எப்படி இருக்கு, சிஸ்டர்?" என்றார்.

"இப்ப சரியா இருக்கு. வாசிச்சுக் காட்டவா?"

"வேணாம்" என்று எழுந்துவிட்டார். "நல்லா வாசிச்சப்பவே வேணாம்னு சொன்னவங்க நீங்க. சரின்னா சரிதான். வெள்ளிக்கிழமை வண்டி அனுப்பறேன்."

காபி டம்ளரை இரண்டு முறை கழுவினேன்.

8 ஜூன், பெந்தெகொஸ்தே ஞாயிறு

ஹெலன் டீச்சர் வாசித்தார். அறிவிப்பில் என் பெயர் வரும் என்று புதுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். வரவில்லை. ஆயருக்கு எழுதிக் கொடுக்க எபனேசர் மறந்துவிட்டாராம், வாசலில் கையைப் பிசைந்தார். முதல் பாட்டில் ஒவ்வொரு சுரமாகக் காதைத் தீட்டிக் கேட்டேன், எது கரகரக்கும் என்று. சபையில் யாரும் ஆர்கன் பக்கம் திரும்பக்கூட இல்லை, வாய் நிறையப் பாடினார்கள். மூன்றாம் சரணத்தில் பார்த்தால் நானும் ஆர்கனை மறந்துவிட்டுப் பாடிக்கொண்டிருக்கிறேன்.

9 ஜூன், திங்கள்

காலையில் மேசைக்கு வந்ததும் வராததுமாகக் கௌசர், நேத்து எப்படி இருந்தது, இன்னா சொன்னாங்க எல்லாரும் என்று கேட்டாள்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

கையிலிருந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, டப்பாவில் வைத்தாள்.

"அப்ப பாஸ்."