மேல் ஷட்ஜத்தில் ரெண்டு செகண்டு

சங்கரன்கோவில்
7.2.2025

ஏட்டி நிர்மலா,

போன்ல என்னைய பிளாக் பண்ணிட்ட. வாட்ஸப்புலயும் பண்ணிட்ட. அப்புறம் மனுசி எப்படித்தான் பேசுவா? அதான் லெட்டர். போஸ்ட் ஆபீஸ்ல கவர் கேட்டா அந்த அக்கா, "வேலைக்கு அப்ளிகேசனாம்மா?"ங்கா. ஆமாக்கான்னு சொல்லிட்டேன்.

ஜெராக்ஸ் கடையில உக்காந்துதான் எழுதுதேன். முதலாளி சாப்பிடப் போயிருக்காரு. கல்யாணம் இல்லாத நாளு நமக்கு வேற என்ன பொழப்பு? மூணு வருசம் இசைப்பள்ளியில ஒழுங்காப் படிச்சு சர்டிபிகேட்டு வாங்குன நீ, வாசுதேவநல்லூர்ல நர்சரிப் பிள்ளைகளுக்குக் கைதட்டச் சொல்லிக் குடுக்க. மூணு மாசம் பாக்கி இருக்கும்போது ஓடி வந்த நான், ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்கேன். நாயனத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

சரி, புளியங்குடி கல்யாண விசயத்துக்கு வாரேன். மாப்பிள்ளை மேடைக்கு வாரதுக்கு முன்னால நீ கல்யாணி ஊதி, மேல் ஷட்ஜத்துல போயி நின்ன. உனக்கு மூச்சு முடிஞ்சுது. நீ மூச்செடுக்கும்போது நான் அதே சுரத்தப் பிடிச்சிருக்கணும். அந்த நேரம் பாத்து நானும் மூச்செடுத்துட்டேன். ரெண்டு நாயனமும் நின்னு போச்சு. ரெண்டே செகண்டு. யாருட்டி கவனிச்சா? பந்தியில கரண்டி கீழ விழுந்த சத்தம் அதவிடப் பெருசு. தவில் வாசிச்ச சிவனாண்டி அண்ணாச்சி மட்டும் ஒரு பார்வை பாத்தாரு. அவரு எல்லாத்தையுந்தான் பாப்பாரு.

அதுக்குப் போயி சாப்பிடாம, சீலையக்கூட மாத்தாம பஸ் ஏறுவியா? "லேடீஸ் செட்டுன்னு சொன்னீங்க, ஒரு லேடிதான் இருக்கு?"ன்னு வீடியோக்காரன் கேக்கான். மயில்கழுத்து கலருல ஒத்தையா நின்னேன், ஜவுளிக்கடை பொம்மை மாதிரி.

ஈப்போ பக்கத்துக் கோயிலுக்கு ரெண்டு வருச வேலைக்கு ஜோடி நாயனம் தேடி அந்தக் கல்யாணத்துக்கு வந்தாரே, அந்த மலேசியாக்காரரு என்ன சொன்னாரு? அதயாவது சொல்லு.

மாசி இருவத்தஞ்சு ராயகிரி கல்யாணம் இருக்கு. "ஏ பிள்ள, செட்டு இருக்கா, கலைஞ்சிட்டா?"ன்னு அண்ணாச்சி தெனமும் கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல?

கோவம் போனதும் எழுது. போகலைன்னாலும் எழுது.

உன் பக்க நாயனம்,
வேல்விழி


வாசுதேவநல்லூர்
14.2.2025

அன்புள்ள வேல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாதான் வாங்கி வைத்திருந்தாள். "இந்தக் காலத்துல யாருட்டி உனக்கு லெட்டர் போடுதா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

மலேசியாக்காரர் அப்பாவிடம் போனில் பேசினார். "பிள்ளை நல்லாத்தான் வாசிக்குது, ஆனா மெயின் நாயனத்துக்கு மூச்சு பத்தலையே. எங்க கோயில் திருவிழாவுல ஆறு மணி நேரம் ஊதணும்" என்றாராம். அவ்வளவுதான், முடிந்தது. படிப்பு முடிந்து மூன்று வருடமாக நான் காத்திருந்தது இந்த ஒரு வேலைக்கு. ரீல்ஸ் போட வேண்டாம், சினிமாப்பாட்டு கேட்க மாட்டார்கள். காலையும் மாலையும் கோயிலில் ராகம் ஊதலாம். நாயனக்காரியாக மட்டும் இருக்கலாம். உனக்குத் தெரியும்.

எனக்கு மூச்சு பத்தாமல் போகவில்லை. வழக்கம்போலத்தான் விட்டேன், வழக்கமான இடத்தில்தான் விட்டேன். ஆறு வருடமாக உன்னோடு ஊதுகிறேன். நான் மூச்சு எடுக்கும்போது நீ பிடித்தாயா என்று ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. காய்ச்சலில் வந்து ஊதினபோதுகூட நீ விட்டதில்லை.

அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். தெரிந்தே விட்டாயா? இல்லை என்று நீ சொன்னால் நம்பிவிடுவேன்.

நிர்மலாதேவி


சங்கரன்கோவில்
18.2.2025

நிர்மலா,

நீ என்னையக் கேக்கியா? மொதல்ல நான் கேக்கதுக்குச் சொல்லு. பேச்சித்தாய் யாரு?

தெரியாதுன்னு சொல்லிராத. நமக்கு ஒரு வருசம் பின்னால படிச்ச பிள்ள, குட்டையா, பல்லுக் கம்பி போட்டிருப்பா. கல்யாணத்தன்னிக்குக் காலையில நீ நாயனத்துல மாட்டுற சீவாளிய நனைச்சுக்கிட்டு இருந்த. நான் காப்பி குடிக்கப் போனேன். அந்த மலேசியாக்காரரு பக்கத்துல வந்து உக்காந்தாரு. நல்ல மனுசன். "நீங்க இன்னிக்கு மட்டும் வந்திருக்கீங்களாம்மா? அங்க ஜோடியா வரப்போறது பேச்சித்தாய்ங்கிற பிள்ளைன்னு அப்ளிகேசன் பேப்பர்ல இருக்கே"ன்னாரு. பேப்பரையே எடுத்துக் காட்டுனாரு. உன் கையெழுத்து. தேதி போன மாசம் ஒம்பது.

ஒரு மாசமாட்டி! அந்த ஒரு மாசத்துல நாம மூணு கல்யாணம் ஊதியிருக்கோம். ஒரே பஸ்ல வந்தோம். என் தோள்ல சாஞ்சு தூங்குன. "அங்க போனா குளிருமோ?"ன்னு நான் கேட்டப்ப, "சுவெட்டர் எதுக்குட்டி, அங்க வெயிலுதான்"ன்னு சொன்ன. பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்து வச்சிருந்தேன், கிறுக்கி.

உன்னைய நல்லாக் காட்டுறதுக்கு நான் வேணும். விமானம் ஏறுறதுக்கு வேற ஆளு. அப்படித்தான?

இதுக்குப் பதிலச் சொல்லு. அப்புறம் என்னையக் கேளு.

வேல்விழி


வாசுதேவநல்லூர்
25.2.2025

வேல்விழி,

நீ எழுதியது எல்லாம் உண்மை.

விசாவுக்கு இரண்டு பேருடைய இசைப்பள்ளிச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். உன்னிடம் இல்லை. தேர்வு எழுதிவிட்டுப் போ என்று எத்தனை தடவை சொன்னேன்! "நான் ஊதத்தான் வந்தேன், ராக லட்சணம் எழுத வரலை" என்று சார் முன்னாலேயே நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தாய். அன்றைக்கு நானும் சிரித்தேன். அதுவும் என் தப்புதான்.

உன்னிடம் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால் புளியங்குடிக்கு வரமாட்டாய் என்று நினைத்தேன். நீ இல்லாமல் அந்தக் கல்யாணி எனக்கு நிற்காது. கல்யாணம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று தள்ளிப் போட்டேன். உன்னைப் பயன்படுத்திக்கொண்டேன். இதற்கு வேறு பெயர் கிடையாது. மன்னித்துக்கொள் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஆனால் என் கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

நிர்மலா


சங்கரன்கோவில்
1.3.2025

நிர்மலா,

ஆமா. தெரிஞ்சேதான் விட்டேன்.

எப்படின்னும் சொல்லிருதேன். உனக்கு மூச்சு முடியப் போகுதுன்னா எடது தோளு லேசா ஏறும். உனக்கே தெரியாது. ஆறு வருசமா அந்தத் தோளப் பாத்துத்தான் நான் பிடிக்கேன். அன்னிக்கும் தோளு ஏறுச்சு. எனக்கு மூச்சு நெறைய இருந்துச்சு, சீவாளி உதட்டுலதான் இருந்துச்சு. ஊதல. மொதல் செகண்டுல நல்லா இருந்துச்சுட்டி, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டாவது செகண்டுல பிடிக்கலாம்னு பாக்கதுக்குள்ள நீயே மூச்செடுத்துத் திரும்ப ஏறிட்ட.

நீ செஞ்சதும் தப்புதான். ஆனா அது பேப்பர்ல செஞ்சது. நான் செஞ்சது நாயனத்துல.

நேத்து அந்த மலேசியாக்காரருக்கு போன் போட்டேன். நம்பரு கல்யாண வீட்டுல வாங்குனேன். "அய்யா, அன்னிக்கு அவளுக்கு மூச்சு பத்தாம இல்ல. நான்தான் வேணும்னே பிடிக்காம விட்டேன்"னு சொன்னேன். அவரு மறுபடியும் ஒரு தடவை சொல்லச் சொன்னாரு. அப்புறம், "இத என்கிட்ட சொன்னா இனிமே உங்களை எந்தக் கோயில்லயும் கூப்பிட மாட்டாங்கன்னு தெரியுமாம்மா?"ன்னாரு. தெரியும்னேன். "அந்தப் பிள்ளை வாசிப்பைத் திரும்ப ஒரு தடவை கேக்குறேன்"னு சொல்லி வச்சுட்டாரு.

சிவனாண்டி அண்ணாச்சிகிட்டயும் சொல்லிட்டேன். அவரு, "அன்னிக்கே தெரியும்"னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ராயகிரிக்கு வருவியா? கெஞ்சல, கேக்கேன்.

வேல்விழி


வாசுதேவநல்லூர்
6.3.2025

அன்புள்ள வேல்விழிக்கு,

அவர் மூன்றாம் தேதியே கூப்பிட்டார். நேற்று ராஜபாளையத்தில் அவருடைய உறவினர் வீட்டில் நானும் பேச்சித்தாயும் இரண்டு மணி நேரம் ஊதிக் காட்டினோம். எடுத்துக்கொண்டார்கள். சித்திரை கடைசியில் பயணம். உன்னால் கெட்டது, உன்னால்தான் சரியானது. இரண்டையும் நான் மறக்க மாட்டேன்.

அவரிடம் சொல்ல உனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதமாக எனக்கு வராத தைரியம். உன்மேல் இப்போது கோபம் இல்லை. என்மேல் உனக்கு இருந்தால் இருக்கட்டும்.

ராயகிரிக்கு நான் வரவில்லை. அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். உன்னை ஒற்றை நாயனமாக ஊதச் சொல்கிறார். உன்னால் முடியும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நேற்றும் கல்யாணிதான் ஊதினேன். பேச்சித்தாய் நன்றாகப் பிடித்தாள், ஓர் இடத்தில்கூட விடவில்லை. ஆனால் மேல் ஷட்ஜத்துக்குப் போன ஒவ்வொரு தடவையும், மூச்சு முடிவதற்கு முன்னாலேயே நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்று தடவை. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

வெளியே வந்ததும் அந்தப் பிள்ளை கேட்டாள்: "ஏன்க்கா அப்படிப் பாக்கீக? நான் எதுவும் தப்பா ஊதுனேனா?"

இல்லட்டி, நல்லாத்தான் ஊதுன, என்று சொன்னேன்.

நிர்மலாதேவி